அங்ஙன யாரு இருக்கா?

"லிங்க் வந்தா தொடாதேன்னு நீதானய்யா சொன்னே?"

அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. சொன்னது நான்தான். 2024-ல், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு அனுப்பி, போனுக்குள் புகுந்து பணத்தைச் சுருட்டும் மோசடி பரவியபோது ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். யார் அனுப்பினாலும் சரி, நானே அனுப்பினாலும் சரி, நீல எழுத்தைத் தொடாதே. அந்த வருடம் அக்டோபரில், போலீஸ் மாதிரி வீடியோவில் மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' பற்றிப் பிரதமரே வானொலியில் பேசியதும் இரண்டாம் பாடம். அம்மா நல்ல மாணவி. சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வாள். ஒரு வருடம் கழித்து நானே நீல எழுத்தில் ஒன்றை அனுப்பிவிட்டு, "அமுக்கும்மா" என்கிறேன். அவள் அமுக்கவில்லை.

அது அரட்டை என்ற, வாட்ஸாப் மாதிரிச் செய்தி அனுப்பும் செயலிக்கான அழைப்பு.

2025 செப்டம்பர் கடைசி வாரம் நினைவிருக்கும். ஜோஹோ நிறுவனம் 2021-லேயே வெளியிட்ட செயலி, அதுவரை அதிகம் பேர் கண்டுகொள்ளாமல் கிடந்தது. மத்திய அமைச்சர்கள் சுதேசி என்று பேசத் தொடங்கியதும் எல்லோரும் அங்கே ஓடினார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் ஒரு நாளைக்கு 3,000 பேர் என்றிருந்தது மூன்றே நாளில் 3,50,000 ஆகிவிட்டது என்று ஜோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு எழுதினார். எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுப் பேச்சு முழுக்க அதுதான். நானும் சேர்ந்தேன். சேர்ந்த கையோடு, ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போகிறோமே, அம்மா அப்பாவையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஊர் ஆழ்வார்குறிச்சி. பொதிகை ரயிலில் வந்து தென்காசியில் இறங்கி பஸ் பிடித்தால், வழியில் மத்தளம்பாறை வரும். ஜோஹோ அங்கேதான் இருக்கிறது. வேம்பு அந்தப் பக்கத்து கிராமத்தில் சைக்கிளில் போவதைப் பார்த்ததாகச் சொல்லாத ஆள் எங்கள் பகுதியில் குறைவு. அதனால் இது சுலபம் என்று நினைத்தேன். தமிழ்ப் பெயர், நம்ம ஊர்க் கம்பெனி, இலவசம். வேறென்ன வேண்டும்?

வீட்டுக்குப் போனால் இரண்டு போனும் பூஜையில் இருக்கின்றன. அப்பாவின் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மனை, அதற்கு மேல் சந்தனமும் குங்குமமும் வைத்த இரண்டு போன்கள். மறுநாள் காலை வரை தொடக்கூடாது. அண்ணன் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டது பூஜை மணி மாதிரி ஒலித்து அடங்கியது. "நாளைக்கு விஜயதசமி, புதுசா எதைத் தொடங்கினாலும் துலங்கும், நாளைக்கு ஏத்து" என்றார் அப்பா. அக்டோபர் 2-ம் தேதி காலை, சுண்டலும் காபியும் சாப்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

அப்பாவுக்கு 74. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "34 வருசம் வகுப்பில அரட்டை அடிக்காதல, அரட்டை அடிக்காதலன்னு கத்தியிருக்கேன். இப்ப நீ வந்து என்னை அடிக்கச் சொல்லுத." ஆனாலும் போனை நீட்டினார். ஓடிபி வந்தது, சொன்னார், முடிந்தது.

அம்மா போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். லிங்க் விவகாரம் முடிந்து, இது ஆபத்தில்லை என்று நான் சத்தியம் செய்த பிறகு, அடுத்த கேள்வி வந்தது.

"சரி, அங்ஙன யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்ல."

"நீதான் இங்ஙனயும் இருக்கியே."

வயதானவர்கள் புதிய செயலிக்கு மாறுவார்களா என்று யாராவது கேட்டால், உடனே நாம் எழுத்து அளவு, ஓடிபி, ஆங்கிலப் பொத்தான்கள் என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். கற்றுக்கொள்ள முடியாதவர்கள் என்ற நினைப்பு அடியில் ஓடுகிறது. என் அம்மாவின் கதை அப்படியில்லை.

அண்ணன் ஷார்ஜாவுக்குப் போன புதிதில், அம்பாசமுத்திரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஸ்கைப்பில் பேசியிருக்கிறாள். ஹெட்போன் மாட்டினால் தான் பேசுவது தனக்கே கேட்கவில்லை என்று கத்துவாள், கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா கிட்டத்தட்ட இலவசமானபோது ஸ்மார்ட்போனும் வாட்ஸாப்பும் வந்தன. அந்த நவம்பரிலேயே வாட்ஸாப்பில் வீடியோ அழைப்பு வந்தது. மதுரை அக்காவோடு அதில் பேசலாம். ஆனால் அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்புக்கு அனுமதி கிடையாது. அதனால் அண்ணனுக்காக இமோ என்ற செயலி. பிறகு அதுவும் அங்கே வேலை செய்யாமல் போய், 2018 வாக்கில் அங்கத்திய தொலைபேசி நிறுவனமே மாதக் கட்டணத்துக்கு அனுமதித்த போட்டிம். வளைகுடாவில் பிள்ளையிருக்கும் வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டால் பாட்டிகள் தலையாட்டுவார்கள். அண்ணன் மகனுக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது. அம்மா போட்டிமை ஒரே சாயங்காலத்தில் படித்தாள். கேமராவைத் திருப்புவது, சத்தத்தை அடக்குவது, சிக்னல் போனால் மொட்டைமாடிக்கு ஓடுவது எல்லாம். யாரும் இரண்டாம் முறை சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தச் செயலியின் முகப்பு ஒன்றும் தமிழில் இல்லை. சுதேசியும் இல்லை. அங்கே பேரன் இருந்தான், அவ்வளவுதான்.

எவரெட் ரோஜர்ஸ் என்றொரு அமெரிக்க ஆய்வாளர். புதியன எப்படி மக்களிடம் பரவுகின்றன என்று 1962-ல் எழுதி, ஏற்பவர்களை ஒரு வளைவரையில் ஐந்து வகையாகப் பிரித்தவர். கடைசி வகைக்கு அவர் வைத்த பெயர் பின்தங்கியோர். கார்ப்பரேட் கூட்டங்களில் இன்றும் அந்த வளைவரையைப் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு அவருடைய வளைவரையைவிட அவருடைய அப்பா பிடிக்கும். ஐயோவா மாநிலத்து விவசாயி. புது இயந்திரம் எது வந்தாலும் விரும்பி ஏற்பாராம். வீரிய ஒட்டு மக்காச்சோள விதையை மட்டும் வேண்டாம் என்றே இருந்தார். 1936 வறட்சியில் பக்கத்து வயலில் ஒட்டுச்சோளம் தாக்குப்பிடித்து நிற்க, அவருடைய பயிர் வாடியது. அதற்குப் பிறகுதான் மாறினார். ஒரே மனிதர் ஒன்றில் முந்திக்கொள்கிறார், இன்னொன்றில் அசையமாட்டேன் என்கிறார். அவரை எந்தக் கட்டத்தில் போடுவது? போட்டிமில் என் அம்மா முதல் வரிசை. அரட்டையில் கடைசி பெஞ்சு.

அம்மாவின் வாட்ஸாப்பை ஒருநாள் கூட இருந்து பார்த்தால் தெரியும், அது செயலி இல்லை, தெரு. காலையில் மாவுக்காரம்மா "இன்னைக்கு மாவு உண்டு" என்று குரல் செய்தி போடுவாள். அம்பாசமுத்திரத்தில் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் சர்க்கரை முடிவு அதில்தான் வரும். பரமகல்யாணி அம்மன் கோயில் விசேஷத்துக்கு எந்த வீட்டார் கட்டளை என்பது அதில். அம்மாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்கள் கழுத்து டிசைனைப் படமாக அனுப்புவார்கள். நான் அனுப்பும் "சாப்டியாம்மா" இதற்கு நடுவில் எங்கேயோ. அவளை இன்னொரு செயலிக்கு வா என்று கூப்பிடுவது, மாவுக்காரம்மாவையும் லேப்காரரையும் தையல் வாடிக்கையாளர்களையும் ஒரே நாளில் வீடு மாற்றச் சொல்வதற்குச் சமம். அவர்களோ வேறு இருநூறு பேரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

அப்புறம் இன்னொன்று கேட்டாள். எனக்கு அதுதான் இந்த விவகாரத்திலேயே கூர்மையான கேள்வியாகப் படுகிறது.

"என்கிட்ட இருக்கது பிஎஸ்என்எல். அக்காகிட்ட ஏர்டெல். பேசினா கேக்குல்லா. அரட்டையிலேருந்து வாட்ஸாப்புக்கு ஏன் அனுப்ப முடியாது?"

முடியும், முடியவிடவில்லை என்பதுதான் பதில். எந்தக் கம்பெனி சிம்மிலிருந்தும் எந்தக் கம்பெனிக்கும் பேசலாம். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு அனுப்பலாம். கூகுள் பேயிலிருந்து போன்பேக்கு யூபிஐயில் பணம் போகிறது. செய்திச் செயலிகள் மட்டும் மதில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அரட்டையும் யூபிஐ மாதிரி, மின்னஞ்சல் மாதிரி மற்றவற்றோடு பேசக்கூடியதாக இருக்கவேண்டும், வாட்ஸாப் போல மூடிக் கிடக்கக்கூடாது என்று வேம்பு அந்த நாட்களில் சொன்னார். ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, கேட்கிற மற்ற செயலிகளுக்கு வாட்ஸாப் கதவைத் திறக்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் 2024 மார்ச் முதல் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. இங்கே அப்படியொரு சட்டம் இல்லை. இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். "அப்பம் அது வரட்டும், வாரேன்" என்றாள். தோசைக்கல் காய்ந்துவிட்டதென்று எழுந்து போனாள்.

ரகசியம், பாதுகாப்பு என்று அந்த வாரம் இணையத்தில் நடந்த சண்டை எங்கள் வீட்டு வாசலுக்கே வரவில்லை. அப்போது அரட்டையில் அழைப்புகளுக்கு மட்டும்தான், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாத முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்குப் பிறகுதான் வந்தது. ரீசார்ஜ் கடைத் தம்பியிடம் பூட்டைத் திறந்தே போனைக் கொடுத்துவிட்டு, காய்கறி வாங்கி வருகிற அம்மாவிடம் மறையாக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

நான் இப்படிக் கூட்டிக்கொண்டு போக முயன்றது இது முதல்முறை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011-ல் கூகுள் பிளஸ். அதில் தெரிந்தவர்களை வட்டங்களாகப் பிரித்து வைக்கவேண்டும். நண்பர்கள் ஒரு வட்டம், குடும்பம் ஒரு வட்டம். அப்பா அரைமணி நேரம் யோசித்துவிட்டு, "உன் தாய்மாமனைக் குடும்பத்தில போடவா, தெரிஞ்சவங்கள்ல போடவா?" என்று கேட்டார். மாமாவோடு அப்போது வரப்புத் தகராறு நடந்துகொண்டிருந்தது. வட்டத்தில் போடாமலேயே மூடிவிட்டார். 2021 ஜனவரியில் வாட்ஸாப் தன் விதிகளை மாற்றப்போவதாக அறிவித்து எல்லோரும் சிக்னல் செயலிக்கு ஓடியபோது அங்கேயும் கூட்டிப்போனேன். தெரிந்த எண் யாராவது சேர்ந்தால் சிக்னல் தகவல் சொல்லும். அப்பா அதை, வீட்டுக்கு ஆள் வந்ததாகவே எடுத்துக்கொண்டார். "கடையத்து அத்தான் வந்திருக்காருன்னு காட்டுது. வந்தவரு ஒரு வார்த்தை பேசமாட்டேங்காரு, என்ன கோபமோ."

அந்தப் பட்டியலை இன்று பார்த்தால் அம்மாவின் பிடிவாதம் புத்திசாலித்தனமாகவே தெரிகிறது. ஆர்குட் 2014-ல் மூடியாயிற்று. கூகுள் பிளஸ் 2019-ல். ஹைக் 2021-ல். கூ 2024-ல். ஸ்கைப்பே 2025 மே மாதம் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் நான் படம் போட்டேன், ஆள் சேர்த்தேன், விட்டுவிட்டு வந்தேன். அம்மா ஸ்கைப் தவிர எதற்கும் போகவில்லை, எதையும் இழக்கவுமில்லை. அவள் தொடர்புகள் எல்லாம் தொலைபேசி எண்ணாக, அப்பா தந்த பழைய டைரியில் மையில் எழுதி இருக்கின்றன.

சரி, அப்பாவுக்கு வருகிறேன். அங்கேதான் என் கணக்கு உண்மையில் தப்பியது.

அரட்டையில் அப்பாவுக்கு மூன்றே பேர். நான், மதுரை அக்கா, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் மாமா. மாமாவை அப்பாவே சேர்த்தார். ஆளில்லாத இடம் என்று நான் எதைக் குறையாக நினைத்தேனோ, அதற்காகவே அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. வாட்ஸாப்பில் அவர் பதினொரு குழுக்களில் இருந்தார். விடிந்தால் ரோஜாப்பூவும் சூரியனும் போட்ட வணக்கங்கள். இந்தியாவில் போன்கள் ஏன் இடமில்லாமல் திணறுகின்றன என்று ஆராயப்போன கூகுள்காரர்களே கடைசியில் இந்தக் காலை வணக்கப் படங்களில்தான் வந்து நின்றார்கள். அதோடு அரசியல், ஆயுர்வேதம், அழுகிற எம்ஜிஆர் ரசிகர், ஆதாரமில்லாத அறிவியல். வதந்தி பரவி ஆட்களை அடித்தே கொன்ற 2018-க்குப் பிறகு வாட்ஸாப் ஃபார்வர்டுக்கு அளவு வைத்ததாகச் சொல்கிறார்கள். அந்த அளவு எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

அரட்டையில் அதெல்லாம் இல்லை. காலையில் பேப்பர் வந்ததும் குறுக்கெழுத்தைப் படமெடுத்து மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்புவார். மாமா பத்தரைக்குள் விடைகளோடு வந்துவிடுவார். பக்கத்துத் தெருதான், நடந்தால் நாலு நிமிடம். இரண்டு பேருக்கும் மூட்டுவலி. முன்பெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாமா வந்து உட்காருவார். வீட்டை இடித்துக் கட்டியபோது திண்ணையை எடுத்துவிட்டு கார் நிறுத்த இடம் விட்டோம். கார் இன்னும் வாங்கவில்லை.

நவம்பர் முழுக்க அப்பா வாட்ஸாப்பைத் திறக்கவேயில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. அலுவலகத்தில் சொல்லிக்கொண்டேன், எங்கப்பா மாறிட்டார் என்று.

டிசம்பரில் விக்கிரமசிங்கபுரத்தில் அவரோடு இருபது வருடம் வேலை பார்த்த கணக்கு வாத்தியார் இறந்துபோனார். சேதி ஆசிரியர் குழுவில் காலை ஆறு மணிக்கு வந்தது. மதியம் மூன்று மணிக்கு எடுப்பு. எங்கள் பக்கம் துட்டி வீட்டுக்குப் போகாமல் விடுவது சாதாரண விஷயமில்லை. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள், துட்டிக்குப் போகாவிட்டால் தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அன்று அம்மா ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். அப்பா வீட்டில் குறுக்கெழுத்தோடு இருந்தார். மறுநாள் பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. முன்பு தந்தி வரும், அல்லது ஆள் அனுப்புவார்கள். ஆள் வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போவார். இப்போது அந்த ஆள் வாட்ஸாப். ரோஜாப்பூ வணக்கங்களுக்கு இடையில்தான் அவர் வந்து நிற்பார். அவரை மட்டும் தனியாக உள்ளே விட முடியாது.

அப்பா என்னைக் குறை சொல்லவில்லை. பதினாறாம் நாளுக்குப் போய்வந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு ஏற்பாடு. ஆசிரியர் குழுவில் அம்மாவின் எண்ணையும் சேர்க்கச் சொல்லிவிட்டார். காலையில் மாவுக்காரம்மாவின் குரலைக் கேட்ட கையோடு அம்மா அந்தக் குழுவையும் ஒரு பார்வை பார்த்து, "ஒண்ணும் இல்ல, நீங்க உங்க கட்டத்தைப் பாருங்க" என்பாள். அப்பா அரட்டையைத் திறப்பார். ஒரு வீட்டில் இரண்டு பேரில் ஒருவர் தெருவில் நிற்கிறார், மற்றவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். எந்த நிறுவனமும் தன் பயனாளர் கணக்கில் இதை எப்படி எழுதிக்கொள்ளும் என்று தெரியவில்லை.

பொங்கலுக்குப் போனேன். அப்பா குளிக்கப் போயிருந்தபோது அவர் போன் அடித்தது, எடுத்துக் கொடுக்கப் போனவன் அரட்டை திறந்திருந்ததைப் பார்த்தேன். மாமாவோடு நீளமான பேச்சு. அக்கா இரண்டு நாளுக்கு ஒருமுறை விடை அனுப்பியிருக்கிறாள். என் பெயருக்குக் கீழே வெறும் படங்கள். நாள் தவறாமல், ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறுக்கெழுத்துகள். நான் கடைசியாகப் பேசியிருந்தது நவம்பர் 9.

அலுவலகக் கூட்டம் மூன்றாவது வாரத்திலேயே வாட்ஸாப்புக்குத் திரும்பிவிட்டது. அதோடு நானும். அறிவிப்புகளை அணைத்து, அரட்டையை ஏதோ ஒரு மூலைக்குத் தள்ளி வைத்திருந்தேன். அப்பா என்னோடு தினமும் தொலைபேசியில் பேசுகிறார், இதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அம்மாதான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்ஙன நீ இருக்கேன்னு சொன்னேல்லா?"

அன்று ராத்திரி உட்கார்ந்து அறிவிப்பைத் திறந்துவிட்டு, பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டுக்கு விடை அனுப்பினேன். அடுத்த அறையிலிருந்து டிங் டிங் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் பதில் வந்தது: "டிசம்பர் 22, மேலிருந்து கீழ் 5 தவறு. ஒற்றுப்பிழை."